அவையேறும் கல்விக் கணக்கு

நுழையும்முன்

பள்ளியின் ஓட்டுக்கூரை ஒழுகுகிறது. ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை இல்லை. கணக்கு ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படவில்லை. இக்குறைகளை நாம் தலைமையாசிரியரிடம் சொல்கிறோம். அவர் மேலதிகாரிக்கு எழுதுகிறார். அதற்குமேல் அந்தக் கோரிக்கை எங்கே செல்கிறது? கல்விக்கான பணத்தை ஒதுக்குபவர் யார்? ஒதுக்கிய பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்பவர் யார்? முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் தொடங்கிச் சென்னைப் புனித சார்ஜ் கோட்டையிலுள்ள சட்டமன்றப் பேரவை வரை அந்தக் கணக்கைப் பின்தொடர்கிறது இப்பாடம்.

கடற்கரையில் ஒரு பழங்கணக்கு

தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் அமைந்த கடற்கரை ஊர் புன்னைக்காயல். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின் முதன்மையான ஊர்களுள் ஒன்றாக அது விளங்கியது. முத்துக்குளிப்போர் மூச்சடக்கி மூழ்கி எடுத்த செல்வத்தில் ஒரு பங்கு போர்ச்சுகீசிய அரசுக்கு வரியாகச் சென்றது. அவ்வருவாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போர்ச்சுகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது.

1542ஆம் ஆண்டு இக்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், அத்தொகையை வேறொரு பணிக்குத் தருமாறு அரசியிடம் வேண்டினார். ஊர்தோறும் சிறுவர்களைக் கூட்டி மறைக்கல்வி கற்பித்தவர்களுக்கு ஊதியம் வழங்க அவருக்குப் பணம் தேவைப்பட்டது. அவ்வாறு கற்பித்தவர்களை இக்கரையோர் கணக்கப்பிள்ளைகள் என்றழைத்தனர். அரசியும் இசைந்தார். காலணிக்குரிய பணம் கற்பித்தலுக்கு வந்து சேர்ந்தது.

அக்கல்வி சமயப் பாடங்களையே மையமாகக் கொண்டது. இன்றைய பொதுக்கல்வியோடு அதனை ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது. எனினும், கல்வி நிதி பற்றிய ஓர் அடிப்படைச் செய்தி இந்நிகழ்வில் அடங்கியுள்ளது. பணம் இக்கரையில் ஈட்டப்பட்டது. இக்கரைச் சிறுவர்களுக்கே செலவிடப்பட்டது. ஆனால், அதனை எதற்குச் செலவிடுவது என்ற முடிவு கடல் கடந்த அரண்மனையில் எடுக்கப்பட்டது. மூழ்கி முத்தெடுத்தவர் தம் வரி எங்கே போகிறது என்று கேட்பதற்கு ஓர் அவை இருக்கவில்லை. ஒருவரின் வேண்டுகோளும் மற்றொருவரின் இரக்கமும் கூடியதால் அந்தப் பணம் திரும்பி வந்தது. இரக்கம் மாறியிருந்தால் ஊதியமும் நின்றிருக்கும்.

பொருள் வரும் வழிகளைக் காண்பது, வந்ததைச் சேர்ப்பது, சேர்த்ததைப் பேணுவது, பேணியதைத் துறைதோறும் பிரித்தளிப்பது ஆகிய நான்கையும் அரசின் கடமைகளாக வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் வகுத்துள்ளார். மக்களாட்சியில் இந்த நான்கு கடமைகளோடு மக்களின் உரிமை ஒன்றும் சேர்கிறது. பிரித்தளித்த முறை சரியா என்று தம் உறுப்பினர்வழியே வினவும் உரிமையே அது.

தெரிந்து தெளிவோம்
புன்னைக்காயலில் பணியாற்றிய அன்றிக் அடிகளார், தமிழ் கற்று, தமிழிலேயே நூல்களை இயற்றியவர். அவரது 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பட்டது. இந்திய மொழிகளின் அச்சு வரலாற்றில் அது முன்னோடி நூலாகும். 1586ஆம் ஆண்டு வெளிவந்த 'அடியார் வரலாறு' புன்னைக்காயலில் அச்சேறியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

தலைப்பு இல்லாத செலவு

நல்ல நோக்கம் இருந்தும், கணக்கில் அதற்கெனத் தலைப்பு இல்லாவிட்டால் ஒரு திட்டம் என்ன ஆகும் என்பதைச் சென்னை மாநகராட்சியின் வரலாறு காட்டுகிறது.

பசியால் பள்ளிக்கு வராத பிள்ளைகளை வரவழைக்கும் பொருட்டு, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி வழங்க 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16 அன்று மாநகராட்சி மன்றம் இசைவளித்தது. அப்போது மன்றத்தின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என வரம்பும் குறிக்கப்பட்டது. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் இத்திட்டம் விரிந்தது. பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை உயர்ந்தது.

ஆயினும் 1925 ஏப்ரல் முதல் நாளோடு சிற்றுண்டி நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அன்றைய ஆங்கில அரசு இசையவில்லை. கட்டடம் கல்விச் செலவு. பலகை கல்விச் செலவு. பசித்த பிள்ளைக்குத் தரும் உணவு கல்விச் செலவாகாது என்பதே அம்முடிவின் பொருள். 1927ஆம் ஆண்டில்தான் மீண்டும் உணவு வழங்கத் தொடங்கினர்.

இந்நிகழ்வுக்கு ஒரு பின்னணி உண்டு. 1911ஆம் ஆண்டு கோபால கிருஷ்ண கோகலே, தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டமுன்வடிவைப் பேரரசின் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். செலவைத் தாங்க இயலாது என்பது எதிர்ப்பவர் கூறிய காரணங்களுள் ஒன்று. 1912 மார்ச்சில் 13 வாக்குகளுக்கு எதிராக 38 வாக்குகள் பெற்று எதிர்ப்பு வென்றது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சி முறையை ஏற்படுத்தியது. அதன்படி கல்வித்துறை மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களிடம் வந்தது. நிதித்துறையோ ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே இருந்தது. பள்ளி திறக்கும் பொறுப்பு ஒருவருக்கு, பணப்பெட்டியின் திறவுகோல் மற்றொருவருக்கு என்ற நிலையில் கல்வி அமைச்சர்கள் செயல்பட வேண்டியிருந்தது.

எட்டயபுரத்தில் எழுந்த அடுப்பு

விடுதலைக்குப் பின் இந்நிலை மாறியது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது நிதி, கல்வி ஆகிய இரு துறைகளையும் சி. சுப்பிரமணியம் ஒருவரே ஏற்றிருந்தார். 1956ஆம் ஆண்டு, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் தொடங்கி வைத்தார். பாரதியார் பிறந்த ஊரில் மூட்டப்பட்ட அடுப்பு அது. முதலில் ஊர் மக்களின் நன்கொடையைப் பெரிதும் நம்பி அது நடந்தது. பின்னர் அரசு தன் நிதியில் பெரும்பங்கைத் தர, எஞ்சியதை ஊரார் தந்தனர். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின்வழி மக்களின் பங்களிப்பைத் திரட்டுவதில் முன்னின்றார்.

ஊரார் தந்த அரிசியும் காய்கறியும் தொடக்கத்துக்குப் போதுமானவை; தொடர்ச்சிக்குப் போதா. மழை பொய்த்த ஆண்டில் உழவர் வீட்டிலும், கடல் சீறிய திங்களில் மீனவர் வீட்டிலும் கொடுப்பதற்கு எதுவும் இராது. பிள்ளைகளுக்கு உணவு மிகுதியாகத் தேவைப்படும் காலமும் அதுவே. எனவேதான், உணவுக்கென அரசின் கணக்கில் நிலையான தலைப்பு வேண்டியதாயிற்று. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அத்தலைப்பை விரிவாக்கியது.

2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அது வந்தது 2024 ஜூலை 15 அன்று. தென்கடற்கரை ஊர்களில் திருச்சபைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் மிகுதி என்பதை நினைவிற்கொண்டால் இந்த நாளின் அருமை விளங்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கும் பசி ஒன்றே. எனினும், திட்டத்தின் வரையறையில் ஒரு சொல் சேரும் வரை பிந்தையவர் காத்திருந்தனர்.

அவையில் நடப்பது என்ன?

அரசின் ஓராண்டு வரவு செலவு மதிப்பீட்டை ஆண்டு நிதிநிலை அறிக்கையாகச் சட்டமன்றத்தின்முன் வைக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 202ஆம் உறுப்பு. நிதியமைச்சர் அறிக்கையை அளித்தபின் பொது விவாதம் நடைபெறும். அதன்பின் ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய தொகையை மானியக் கோரிக்கையாக அவையில் வைக்கும். பள்ளிக் கல்வித்துறையின் மானியக் கோரிக்கை எண் 43. அன்று துறையின் அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பை அவையில் அளிப்பார். கடந்த ஆண்டு நடந்த பணிகளும் வரும் ஆண்டில் நடக்கவிருப்பவையும் அதில் இடம்பெறும்.

கோரிய தொகையை ஏற்கவோ, மறுக்கவோ, குறைத்து ஏற்கவோ அவைக்கு அதிகாரமுண்டு என்று 203ஆம் உறுப்பு கூறுகிறது. தொகையைக் குறைக்குமாறு உறுப்பினர் கொடுப்பது வெட்டுத் தீர்மானம். நூறு ரூபாயைக் குறைக்கக் கோருவதும் அவை மரபில் உண்டு. கல்விக்குரிய பணத்தில் நூறு ரூபாயைக் குறைப்பது அவ்வுறுப்பினரின் விருப்பமன்று. ஒரு குறையை அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுவந்து, விடையைப் பெற்று, அதனை அவைக்குறிப்பில் பதியச் செய்யும் வழி அது. நிறைவாக, 204ஆம் உறுப்பின்படி நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறிய பின்னரே அரசின் தொகுநிதியிலிருந்து பணத்தை எடுக்க இயலும்.

செலவு முடிந்த பின்னும் அவையின் வேலை முடிவதில்லை. தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. எதற்காக வாங்கிய பணம் எதற்குச் செலவாயிற்று என்று அதிகாரிகளை அழைத்துக் கேட்கும் உரிமை அக்குழுவுக்கு உண்டு.

எண்களைப் படிக்கும் முறை

தமிழ்நாட்டின் நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 2023–24ஆம் ஆண்டில் 40,299 கோடி ரூபாயும், 2024–25இல் 44,042 கோடி ரூபாயும், 2025–26இல் 46,767 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. தொகை ஆண்டுதோறும் உயர்ந்துள்ளது. இவ்வெண்களைப் பார்த்தவுடன் மூன்று வினாக்களை எழுப்பப் பழக வேண்டும்.

முதல் வினா, உயர்வின் உண்மை அளவு என்ன? 2024–25ஐ விட 2025–26இல் கூடிய தொகை 2,725 கோடி ரூபாய். அதாவது ஏறத்தாழ 6.2 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டின் உயர்வு ஏறத்தாழ 9.3 விழுக்காடு. விலைவாசி உயர்வையும் ஊதிய உயர்வையும் கழித்துப் பார்த்தால்தான் புதிதாகச் செய்யக் கிடைத்தது எவ்வளவு என்பது தெரியும்.

இரண்டாம் வினா, தொகை எதற்குச் செல்கிறது? பள்ளிக் கல்விச் செலவில் பெரும்பகுதி ஆசிரியர் ஊதியம். அது தேவையான செலவே, ஆசிரியரின்றிப் பள்ளியில்லை. ஆயினும் கட்டடம், ஆய்வகம், நூலகம், கழிப்பறை ஆகியவற்றுக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதைத் தனியே கேட்டால்தான் அறிய முடியும்.

மூன்றாம் வினா, ஒதுக்கியது வந்ததா? நிதிநிலை ஆவணங்களில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே வரவு செலவு மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு என மூவகை எண்கள் உண்டு. செலவிட எண்ணிய தொகை முதலாவது. ஆண்டின் இடையே மாற்றியமைத்த தொகை இரண்டாவது. உண்மையில் செலவான தொகை மூன்றாவது. செய்தித்தாளின் முதற்பக்கத்தில் வருவது முதலாவது எண். பள்ளிக்கு வந்து சேர்வது மூன்றாவது எண்.

ஒதுக்கீட்டுக்கும் வரவுக்கும் இடையே இடைவெளி எழக்கூடும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்றுண்டு. 1976ஆம் ஆண்டின் 42ஆம் அரசமைப்புத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. இன்று ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் செலவில் ஒன்றிய அரசு 60 விழுக்காட்டையும் மாநில அரசு 40 விழுக்காட்டையும் ஏற்கின்றன. 2024–25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்குரிய ஒன்றியப் பங்கு 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படவில்லை. தேசியக் கல்விக் கொள்கையைச் செயற்படுத்தும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும் என்றது ஒன்றிய அரசு. கொள்கையை ஏற்பதை நிதிக்கு நிபந்தனையாக்கலாகாது என்றது மாநில அரசு. 2025 மார்ச் 14 அன்று அளிக்கப்பட்ட மாநில நிதிநிலை அறிக்கையிலும் இது பேசப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. இவ்விரு நிலைப்பாடுகளைக் குறித்து மாணவர் தம் கருத்தைத் தாமே உருவாக்கிக்கொள்ளலாம். கொள்கை வேறுபாடு தீரும் வரை வகுப்பறையின் நாள்கள் காத்திருப்பதில்லை என்பதை மட்டும் இருதரப்பும் மறுக்க இயலாது.

மூன்று கோடியும் இருநூறு கோடியும்

தமிழ்நாட்டில் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அதிலிருந்து வகுப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர்த்தொட்டி போன்றவை கட்டப்படும்போது உறுப்பினரின் பெயர் கல்வெட்டில் பொறிக்கப்படும். அவர் கல்விக்குச் செய்த பணியாக மக்கள் அதனையே நினைவிற்கொள்வர்.

இப்போது ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேரவைத் தொகுதிகள் 234. பள்ளிக் கல்விக்கான 46,767 கோடி ரூபாயை 234ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சராசரியாக ஏறத்தாழ 200 கோடி ரூபாய் வரும். நிதி இவ்வாறு சமமாகப் பிரிக்கப்படுவதில்லை. பள்ளிகளின் எண்ணிக்கைக்கும் தேவைக்கும் ஏற்ப மாறும். எனினும், அளவை உணர்வதற்கு இந்தச் சராசரி உதவும். உறுப்பினரின் கையிலுள்ளது 3 கோடி. அவருடைய குரல் எட்டக்கூடியது 200 கோடி. கட்டித் தரும் உறுப்பினரை நாம் பாராட்டுகிறோம். மானியக் கோரிக்கையின் நாளில் அவைக்கு வந்து, ஆவணத்தைப் படித்து, தம் தொகுதியின் கேள்வியை எழுப்பி, விடையை ஊருக்குக் கொண்டுவரும் உறுப்பினரே கூடுதல் பாராட்டுக்குரியவர். அவருடைய பணிக்குக் கல்வெட்டு இல்லை, அவைக்குறிப்பே சான்று.

கடற்கரையிலிருந்து எழும் கேள்வி

கேள்வி ஊருக்கு ஊர் வேறுபடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் ஜூன் திங்களில் விசைப்படகுத் தொழிலாளரின் கையில் பணம் இருப்பது அரிது. பேருந்துக்கும் சீருடைக்கும் குறிப்பேட்டுக்கும் செலவிட வேண்டிய அதே நாள்களில் வருவாய் நின்றிருக்கும். விலையில்லாப் பாடநூல்களும் சீருடைகளும் பள்ளி திறந்த முதல் நாளிலேயே வந்தனவா என்பது பிற ஊர்களில் சிறு கேள்வியாக இருக்கலாம். கடற்கரை ஊரில் அது பிள்ளை பள்ளிக்கு வருமா, வலை தூக்கச் செல்லுமா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். தடைக்கால நிவாரணத்தை மீன்வளத்துறையின் மானியமும், சீருடையைக் கல்வித்துறையின் மானியமும் சுமக்கின்றன. இவ்விரு துறைகளும் ஒரே வீட்டின் வாசலில் சந்திக்கின்றன என்பதை அவையில் எடுத்துச் சொல்லக் கடற்கரையின் உறுப்பினரே பொருத்தமானவர்.

அவருக்கு அந்தக் கேள்வியை எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் ஊரார். அதற்கு வழிகள் உள்ளன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அரசுப் பள்ளிக்கு வேண்டியதைத் திட்டமாக எழுதும் பொறுப்பு அக்குழுவுக்கு உண்டு. கிராமசபையில் தீர்மானம் இயற்றலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ஒதுக்கிய தொகையையும் செலவிட்ட தொகையையும் கேட்டுப் பெறலாம்.

காலணிப் பணத்தை ஓர் அரசி விட்டுக்கொடுத்த காலத்தில் புன்னைக்காயலின் முத்துக்குளிப்போர் நன்றி சொல்லலாம். கணக்குக் கேட்க இயலாது. இன்று அவ்வூரில் பதினெட்டு வயது நிரம்பும் மாணவருக்கு வாக்குச்சீட்டும் உண்டு, கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. வாக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவது. நிதிநிலை அறிக்கை ஆண்டுதோறும் வருகிறது. அதனைப் படித்து வினவும் வாய்ப்பும் ஆண்டுதோறும் வருகிறது.

சொல்லும் பொருளும்

தொகுநிதி – அரசின் வருவாயும் கடனும் சேரும் பொது நிதி.
மானியக் கோரிக்கை – ஒரு துறை தனக்கு வேண்டிய தொகைக்கு அவையின் இசைவைக் கோருதல்.
வெட்டுத் தீர்மானம் – கோரிய தொகையைக் குறைக்குமாறு உறுப்பினர் முன்வைப்பது.
திருத்திய மதிப்பீடு – ஆண்டின் இடையே மாற்றியமைக்கப்பட்ட செலவு மதிப்பீடு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் தேவைகளுள் மூன்றனைத் தெரிவு செய்து, அவற்றைச் சட்டமன்ற உறுப்பினர் அவையில் எழுப்பத்தக்க வினாக்களாக எழுதுக.
2. வகுப்பில் மாதிரிச் சட்டமன்றம் அமைத்து, பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கையின்மீது விவாதம் நடத்துக.
3. உங்கள் ஊர்த் தொழிலின் வருவாய் குறையும் காலம் எது? அது மாணவர் வருகையை எவ்வாறு பாதிக்கிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. கணக்கப்பிள்ளைகள் எனப்பட்டோர் யாவர்?
2. இரட்டையாட்சி முறையில் கல்வி அமைச்சர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு யாது?

சிறுவினா
3. 1925இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் சிற்றுண்டி நின்றதற்கான காரணத்தை விளக்குக.
4. நிதிநிலை ஆவணங்களில் காணப்படும் மூவகை எண்களை வேறுபடுத்திக் காட்டுக.

நெடுவினா
5. 'தொகுதி நிதியால் கட்டுவதைவிட அவையில் வினவுவதே சட்டமன்ற உறுப்பினரின் பெரும்பணி' – இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ பாடக் கருத்துகளைக்கொண்டு நிறுவுக.